கேட்டால்தான் எழுதும்

ஒரு வரி எழுதியதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு திரையை முறைப்பார் சத்தியதாஸ். பிழையென்று திரை திட்டாவிட்டால்தான் அடுத்த வரி. கணினியின் இயங்குதளம் முழுவதையும் ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார். "பழசு பூரா ஓட்டையாக்கும். இதுல தப்பா எழுதினா மெஷினே சம்மதிக்காது, கேட்டியா" என்பார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று மாமனார் சொன்னது காதில் ஏறவில்லை. பகலில் டெக்னோபார்க்கில் வேலை. மீதிப் பொழுதெல்லாம் நேமத்து வாடகை வீட்டில் இதுதான்.

அந்த மொழிக்கு ஒரு குணம் உண்டு. விடையை யாராவது கேட்டால் ஒழிய வேலையைத் தொடாது. "ஒங்களுக்க கொணம்தானே. மூணு தடவ சொன்னாத்தான் சிலிண்டர் மாத்துவிய" என்பாள் மனைவி ஓமனா.

அவளுடைய லேப்டாப் செத்துப்போனதால், விழிஞ்ஞத்துச் சிப்பிகளைப் பற்றிய ஆய்வேட்டை அவருடைய கணினியில்தான் எழுதி முடித்தாள். திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். பென்டிரைவில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு மனிதர் முறுக்கிக்கொண்டார். "எனக்க சிஸ்டத்த நீயே நம்பலேன்னா பின்ன எவன் நம்புவான்?" பென்டிரைவை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஐப்பசியின் துலாமழை இடியோடு இறங்கியது. கரண்டு போனது. யுபிஎஸ் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

"எல்லாம் சேவ் பண்ணியாச்சு, பயப்படாண்டாம்" என்றாள் ஓமனா.

சத்தியதாஸ் டிஸ்க் விளக்கைப் பார்த்தார். அது மினுங்கவே இல்லை. அவள் சேவ் சொன்னதையெல்லாம் சிஸ்டம் சரியென்று வாங்கி வைத்திருக்கிறது, டிஸ்க்கில் எழுதவில்லை. எழுதியாயிற்றா என்று கேட்கும் வரியை அவர் சேர்க்கவே இல்லை. கேட்காததை அந்த மொழி பிழையென்றும் சொல்லாது.

"என்னவாக்கும்?"

"மிண்டாத இரி."

விட்டுப்போன அந்த வரியை இப்போது கட்டளையாகத் தட்டினார். யுபிஎஸ் இடைவெளியில்லாமல் அலறியது. டிஸ்க் விளக்கு மினுங்கியது. திரை இருண்டது.

சாயங்காலம் கரண்டு வந்தது. ஓமனாதான் பொத்தானை அமுக்கினாள். ஆய்வேடு திறந்தது. கடைசிச் சிப்பி வரை தள்ளிப் பார்த்தாள்; எல்லாம் இருந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, பென்டிரைவை எடுத்து, லுங்கியில் துடைத்து, அவள் கேட்குமுன் நீட்டினார்.