சிரட்டையில் கிடந்த சவுக்காரம்

நீர்வேலியில் என் மாமியின் வாசற் படலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்கியது. அதற்குள் நகம் போலத் தேய்ந்த சவுக்காரத் துண்டு ஒன்று. பொருளாதாரத் தடைக் காலம்; குடாநாட்டுக்குச் சவுக்காரம் வரவில்லை. ஊரே பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்து, பனம்பழமாகவே மணந்துகொண்டு திரிந்தது. மாமி அந்தத் துண்டைத் தன் மேலில் போடாமல் கோழிகளுக்காகக் காத்தார். மாமா செத்தபின் அவருக்குச் சோறு போட்டவை கோழிகள்தான்.

சுற்று ஊர்களில் கழுத்தைத் திருகிக் கொல்லும் கோழி நோய் பரவியிருந்தது. தடுப்பு மருந்து வரவில்லை. மாட்டு டொக்டர் மாமியைக் கூட்டுறவுச் சங்கக்கடையில் கண்டு விளக்கினார்: "உந்தக் கிருமி கோழியின்ரை உடம்புக் கலத்துக்குள்ளை பூந்து பெருகும், அக்கா. வெளியிலை வரேக்கை அந்தக் கலத்தின்ரை கொழுப்புத் தோலையே கிழிச்சுப் போத்திக்கொண்டு வரும். சவுக்காரம் பட்டால் கொழுப்புக் கரையும். போர்வை போனால் ஆள் முடிஞ்சுது."

திருடிய சட்டையோடு வரும் கள்ளன் என்று மாமிக்கு உடனே விளங்கிவிட்டது. அதன்பின் கழுவாத கால் எதுவும் அந்த வளவுக்குள் நுழையவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "படிப்பிக்கிற கால் எண்டாலும் கழுவிப்போட்டு வா, தம்பி" என்றார். என் பட்டத்துக்குக் குடாநாட்டில் கிடைத்த மதிப்பில் அது சராசரிக்குச் சற்று மேல்தான்.

ஒருநாள் டொக்டரே வந்தார். அச்சுவேலியில் நோய் விழுந்த கூட்டைப் பார்த்துவிட்டு நேரே வருவதாகச் சொன்னார். முழங்கை வரை நிதானமாகக் கழுவினார். சவுக்காரத்தில் பாதி போனது. பிறகு சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். மாமி பதறிவிட்டார்.

"சீச்சீ, நீங்கள் போட்டுக்கொண்டு வாங்கோ, டொக்டர். உங்களுக்கென்ன."

டொக்டர் நிமிர்ந்தார். சப்பாத்தோடு உள்ளே விடப்படுவது எங்கள் ஊரில் பெரிய மரியாதை. அதை வேண்டாம் என்றவரை நான் கண்டதில்லை. அச்சுவேலி எச்சம் அடியில் ஒட்டியிருக்க, கூடு முழுவதும் நடந்து, "நல்ல சுத்தம், அக்கா" என்று மெச்சிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே முதற் பேட்டுக்கோழி கழுத்தைத் திருகி வானம் பார்த்தது. பிறகு எல்லாம். மாமி அழாமல் குழி வெட்டுவித்தார்.

கேள்விப்பட்டு வந்த டொக்டர் இந்தமுறை படலையிலேயே சப்பாத்தைக் கழற்றினார். மாமி சிரட்டையை நீட்டினார்.

"கோழியள் முடிஞ்சுது, டொக்டர். சவுக்காரம் மிச்சம் கிடக்கு. சப்பாத்தின்ரை அடியைத் தேச்சுக் கழுவிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போங்கோ."

அவர் குந்தியிருந்து ஒரு சப்பாத்தைத் தேய்த்தார். எழும்பப் பார்த்தபோது மாமி சொன்னார்: "மற்றதையும்."

சவுக்காரம் தீரும்வரை மாமி அசையவில்லை.

இன்று கொழும்பில் என் வீட்டில் சவுக்காரம் தண்ணீரில் ஊறிக் கூழாகிறது, யாரும் கவனிப்பதில்லை. கிழவராகிவிட்ட டொக்டர் இடைக்கிடை வருவார். வாசலில் சப்பாத்துக் கயிற்றுக்குக் குனிந்து, ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்ப்பார். "போட்டுக்கொண்டு வாங்கோ" என்று சொல்வதுதான் மரியாதை. நான் சவுக்காரம் இருக்கும் பக்கத்தைக் கைகாட்டுவேன்.