சில்லுப்பொடி

மதினி வாசலுக்கு வெளியே, இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் அகற்றிப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவள் குரல் கேட்டதும் பிள்ளை உள்ளேயிருந்து தவழ்ந்து வந்தான். அவனுக்கு அப்போது எட்டு மாதம். நிலையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தான். மதினி பின்னால் நகர்ந்துகொண்டாள். “அவனைப் பிடிச்சுக்கோ. எங்கிட்ட விடாதே” என்றாள் என்னிடம். நான் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவன் அவளை நோக்கிக் கையை நீட்டிக் கதறினான். பால் கட்டி அவள் ரவிக்கை நனைந்திருந்தது. கிணற்றடிக்குப் போய்விட்டாள். மட்டாஞ்சேரியில் நாங்கள் குடியிருந்த அந்த ஓட்டு வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

மதினி என் அண்ணன் மனைவி. எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்டதால் வீட்டுக்குள் தமிழும் வெளியே மலையாளமுமாக இருந்தோம். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கும். அண்ணன் மிளகுக் கிடங்கில் சுமைதூக்கும் வேலையில் இருந்தான். அறுபதுகளின் நடுவில் ஒரு கோடையில், அடுக்கி வைத்த மூட்டைகள் சரிந்து அவன் மேல் விழுந்தன. இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினோம். அதன்பிறகு அவன் பெரும்பாலும் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தான். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது; வெளிவேலைக்கு அனுப்ப அம்மா ஒப்பவில்லை. கைப்பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு மதினிதான் கிளம்பினாள்.

அவளுக்குக் கிடைத்தது, தோப்பும்படிக்குப் போகிற வழியில் காயலோரம் இருந்த ஒரு படகுப் பட்டறை. மீன்பிடிப் படகுகளின் மரத்தைப் புழு அரிக்காமலிருக்க, கண்ணாடியை நூலாக இழுத்து நெய்த துணியை ஒருவிதப் பசையில் தோய்த்து மேலே ஒட்டும் வழக்கம் அப்போதுதான் வந்திருந்தது. ஒட்டியது எங்காவது பெயர்ந்தால் அந்த இடத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கி, மறுபடி ஒட்ட வேண்டும். தேய்க்கிற வேலைக்குப் பெண்களை வைத்தார்கள். தேய்க்கத் தேய்க்க அரிசிமாவு போல வெள்ளையாகப் பறக்கும். மலையாளத்தில் கண்ணாடிக்குச் சில்லு என்று பெயர். பட்டறைப் பெண்கள் அந்தத் தூசியைச் சில்லுப்பொடி என்றார்கள். அதற்குமேல் அதைப்பற்றி அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தரவில்லை.

முதல் வாரமே அவளுக்கு அரிப்பு தொடங்கியது. முழங்கை மடிப்பு, கழுத்து, சேலை இறுகும் இடுப்பு எல்லாம் தடித்துச் சிவந்தன. சொறிந்தால் முள் இன்னும் உள்ளே இறங்குவது போல இருக்கிறது என்பாள். தோலுக்குப் பாதுகாப்பு என்று காலையில் கையெல்லாம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போனாள். பொடி அந்த எண்ணெயிலேயே அப்பிக்கொண்டது. சாயங்காலம் வெந்நீர் வைத்துத் துண்டால் அழுத்தித் தேய்த்துக் குளித்தாள். அது இன்னும் மோசம். எது செய்தாலும் கூடிக்கொண்டே போனதே தவிரக் குறையவில்லை. ஆனால் அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பிள்ளையின் கன்னத்தில் அதே தடிப்பு வந்ததும்தான் நிலைகுலைந்து போனாள்.

பால் குடிக்க எடுத்தால் வாய் வைத்த உடனே வீறிடுவான். முகத்தை அவள் மார்பில் தேய்ப்பான், பிறகு திமிறிக்கொண்டு விலகுவான். கண்கள் சிவந்து பீளை தள்ளின. பக்கத்து வீட்டில் கரப்பான் என்றார்கள். ஏதோ பச்சிலையை அரைத்துப் போட்டோம். கேட்கவில்லை. மதினியின் கையையும் பிள்ளையின் கன்னத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். பட்டறையிலிருந்து தொற்றுநோய் எதையோ மருமகள் கொண்டுவந்திருக்கிறாள். “சொகமாகுற வரைக்கும் பிள்ளையத் தொடாதே” என்றாள். அம்மா கொடுமைக்காரி அல்ல. மகன் கட்டிலில் கிடக்கிறான், பேரனும் போய்விடுவானோ என்று பயந்துபோயிருந்தாள். மதினி எதிர்த்துப் பேசவில்லை. அவளும் அப்படித்தான் நம்பினாள். அண்ணன் மட்டும் சுவரைப் பார்த்தபடியே, “அந்த வேலைய விட்டுடு” என்றான். விட்டுவிட்டு எங்கே போவது என்று அவனாலும் சொல்ல முடியவில்லை. மதினி படகேறி வைப்பினுக்குப் போய் இறால் உரிக்கும் கொட்டகைகளில் கேட்டாள். மழை வரப்போகிறது, இருக்கிறவர்களுக்கே வேலையில்லை என்றார்கள். மறுநாள் மறுபடி பட்டறைக்குப் போனாள். பாலைப் பீச்சிக் கிணற்றடியில் கொட்டினாள். சத்தம் வராமல் அழுதுகொண்டே அதைச் செய்வாள். நான் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

பிள்ளைக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பியது. இளைத்துப்போனான். மதினி சாயங்காலம் வந்து, தூரத்தில் நின்று, அவன் விலாவெலும்பையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டுத் துணியை எல்லாம் அம்மாதான் துவைப்பாள். மதினியின் பட்டறைச் சேலை, பிள்ளையின் இடுப்புத்துணி, எல்லாம் ஒரே கல்தொட்டியில் ஊறும். ஒருநாள் காலை தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டு நான் கழுவப் போனபோது, அடியில் வெயில் பட்டு என்னவோ மினுங்கியது. விரலால் வழித்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல் சுருக்கென்றது. அம்மாவைக் கூப்பிட்டேன். நோய் தொட்டியிலா இருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். கொஞ்ச நாளாகத் தன் கையும் ஏன் காந்துகிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கொடியில் காய்ந்த பிள்ளைத்துணியை எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நோய் எதுவும் இல்லை. மதினி உடுத்திருந்த சேலையும், நாங்கள் துவைத்துப் போட்ட துணியும்தான் பிள்ளையைக் குத்திக்கொண்டிருந்தன.

சாயங்காலம் மதினியிடம் சொன்னபோது அவள் சிரித்ததை என்னால் மறக்க முடியாது. நோய் இல்லையென்றால் ஏதாவது செய்யலாம் என்ற சிரிப்பு. அந்தப் பொடியை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருந்தால் போதும். ஆனால் பட்டறையில் பெண்கள் குளிக்கவோ உடைமாற்றவோ ஒரு மறைப்புகூடக் கிடையாது. சூப்பர்வைசரிடம் கேட்டாள். படகு ரிப்பேர் செய்யும் இடத்தில் குளிமுறி கேட்கிறாயா என்று அவர் கேட்க, மற்ற ஆண்கள் சிரித்தார்களாம். பட்டறைக்குப் பின்னால் வாட்ச்மேனின் குடிசை. அவன் மனைவியை எல்லோரும் சேச்சி என்பார்கள். மதினி அவளிடம் போய்ப் பிள்ளையின் கதையைச் சொன்னாள். சேச்சி கிணற்றைச் சுற்றி ஓலை கட்டி மறைத்துத் தந்தாள். முதல் நாள் மதினி வழக்கம்போலத் துண்டால் உடம்பைத் தேய்க்கப் போனபோது சேச்சிதான் தடுத்தாள்: “தேய்க்கண்டா மோளே. பச்சவெள்ளம் கோரி ஒழிச்சா மதி.” தேய்க்காதே, பச்சைத்தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினால் போதும் என்று அர்த்தம். ஊற்றிப் பார்த்தாள். பொடி தோலுக்குள் இறங்காமல் தண்ணீரோடு போயிற்று.

அதன்பிறகு மதினி ஓர் ஒழுங்குக்கு வந்தாள். அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். மணிக்கட்டில் சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினாள். மாவுச்சாக்குத் துணியில் தலையையும் கழுத்தையும் மூடுகிற மாதிரி ஒரு குல்லாய் தைத்தாள். எண்ணெய் தடவுவதை விட்டாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று பார்த்து, அதற்கு முதுகு காட்டி நின்று தேய்த்தாள். பட்டறை உடுப்பைச் சேச்சி வீட்டிலேயே ஒரு தகர டப்பாவில் மூடிவைத்துவிட்டு, குளித்து, வேறு சேலையில் வீட்டுக்கு வந்தாள். கூட வேலை செய்த பெண்களுக்கும் குல்லாய் தைத்துக் கொடுத்தாள். பிள்ளையின் கன்னம் மெல்ல ஆறியது.

ஆனால் அவன் அவளிடம் போகவில்லை. அவள் கைநீட்டினால் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் தூக்கினால் வலிக்கும் என்பது மட்டும் அவன் மனசில் பதிந்துவிட்டது. பாலும் அதற்குள் வற்றியிருந்தது. “நான் குளிச்சுட்டேண்டா” என்று அவனிடம் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. படகுகள் எல்லாம் கரையேறின. வெளியே வேலை செய்ய முடியாததால், படகின் வயிற்றிலுள்ள மீன் அறைக்குள் இறங்கித் தேய்க்கச் சொன்னார்கள். ஆள் இறங்க மேலே ஒரு சின்ன வாய்தான். மழைக்காக அதையும் பாதி மூடிவிடுவார்கள். பொடி வெளியேற வழியில்லை. முகத்தில் கட்டிய துணி மூச்சிலும் வியர்வையிலும் நனைந்து, பொடி ஒட்டிக் கூழாகிவிடுமாம். முதல் நாள் வேலை முடிந்து சேச்சி வீட்டு முற்றத்தில் மதினி சுருண்டு விழுந்தாள். இருமல் நிற்கவில்லை. சேச்சிதான் கைத்தாங்கலாக வீடுவரை கொண்டுவந்து விட்டாள்.

மறுநாள் போய் மீன் அறையின் வாயருகே நின்று சூப்பர்வைசரிடம் சொன்னாள்: “சாரே, மூடிய முழுக்கத் தொறந்து வைங்க. தண்ணி நனைச்சுத் தேய்க்க விடுங்க, பொடி பறக்காது. இல்லேன்னா நான் எறங்க மாட்டேன்.” நனைத்தால் காய நாளாகும், பசை பிடிக்காது, படகு சொன்ன தேதிக்கு இறங்காது என்றார் அவர். அவள் நகரவில்லை. “எறங்கண்டா. எறங்கான் வேற ஆளுண்டு” என்றார். நீ இறங்க வேண்டாம், இறங்க வேறு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மதினி மற்றப் பெண்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்க்காமல், அவள் தைத்துக் கொடுத்த குல்லாய்களை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள். அவர்கள்மேல் தனக்குக் கோபமே வரவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னாள். வீட்டில் அவரவருக்கும் ஒரு கட்டில் இருந்திருக்கும் என்றாள்.

அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை போய்விட்டது என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தபோது அவன் அவள் மடியைப் பிடித்து எழுந்து நின்று, ஈரம் உலராத கூந்தலை இழுத்துக்கொண்டிருந்தான். மதினி அசையவே இல்லை. தொட்டால் அவன் போய்விடுவானோ என்று பயந்தவள் போல மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள். அவனாகவே மடியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையை எடுத்து அவன் முதுகில் வைத்தாள்.

அடுத்த வாரம் நான் இஞ்சிக் கிடங்கில் சுக்கு சுத்தம் செய்யும் வேலைக்குப் போனேன். அம்மா தடுக்கவில்லை. கல்யாணப் பேச்சு தானாக நின்றது. அண்ணன் கோலூன்றி நடக்க வெகுநாளாயிற்று. மதினி அதன்பிறகு எந்த வேலைக்கும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் அந்த இருமல் அவளோடு கூடவே இருந்தது.

போன மழைக்காலத்தில் மூச்சுத்திணறல் அதிகமாகி அவளை எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளை ஆலுவாவிலிருந்து ஓடிவந்தான். பிள்ளை என்கிறேன், தலையெல்லாம் நரைத்துவிட்டது. எப்போதாவது தூசியில் வேலை செய்திருக்கிறார்களா என்று டாக்டர் கேட்டார். “இல்ல டாக்டர், அம்மா வேலைக்கே போனதில்ல” என்றான் அவன். மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், இவன் கைப்பிள்ளையாக இருந்தபோது படகுப் பட்டறையில் சில்லுப்பொடி தேய்த்தாள் என்று. அதுதான் காரணமென்று டாக்டர் சொல்லவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அவர் போனதும் அவன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். “எங்கிட்ட ஏன் சொல்லவே இல்லம்மா?” என்று கேட்டான்.

மதினி மூச்சு வாங்கக் கொஞ்சநேரம் எடுத்துக்கொண்டாள்.

“கொஞ்ச நாள்தான் போனேன் மக்கா. அப்புறம் உன்னைத் தூக்க வந்துட்டேன்” என்றாள்.