ஷிஃப்டிங் அண்ணாவின் ஃபோல்டர்கள்

எங்கள் ஆபீசில் அவருக்கு ஷிஃப்டிங் அண்ணா என்று பெயர். புது வெப்சைட் வேலை தொடங்க ஒரு கட்டளை தட்டினால் போதும். பக்கங்களுக்கு ஒரு ஃபோல்டர், படங்களுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று என்று ஃபிரேம்வொர்க் என்ற மென்பொருளே அடுக்கிக் கொடுத்துவிடும். ஊர் உலகமெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு வேலை பார்க்கும். இவருக்கு மட்டும் கை அரிக்கும். இதைத் தூக்கி அதற்குள் போடுவார், அதற்கு வேறு பெயர் வைப்பார். சாயங்காலத்துக்குள் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

வீட்டிலும் இதே கூத்துதான். அண்ணி ஒருநாள் போனில் பேசிக்கொண்டே, சோபா இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்தார். சோபா ஜன்னலோரம் போய்விட்டிருந்தது. "இவரைக் கட்டிக்கிட்டதுல என் இடுப்புதான் போச்சு" என்று இன்னமும் சொல்லிச் சிரிப்பார்.

பத்து வருஷமாக அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. சண்டைக்குக் குறைவில்லை.

"வந்தது வந்தபடி விட்டா என்னண்ணா, குடியா முழுகிடும்?"

"அது யாரோ அடுக்கினதும்மா. நம்ம வேலைக்கு நாமதான் அடுக்கணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் எனக்குத் தலையில் ஆபரேஷன். ஏழு மாதம் கழித்துத் திரும்பினேன். பழசெல்லாம் ஞாபகம் இருந்தது. புதிதாக எதைச் சொன்னாலும் மத்தியானத்துக்குள் மறந்துபோனது. "ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார் மேனேஜர். அதற்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே புரிந்தது. நான் இல்லாதபோது அண்ணா தொடங்கிய வேலையைத்தான் கொடுத்தார்கள். அவர் மாற்றிப் போட்டதில் நல்லா இருந்த நாளிலேயே எனக்குத் தலைகால் புரியாது.

திறந்து பார்த்தேன். ஃபிரேம்வொர்க் தந்தது தந்தபடி இருந்தது. யோசிக்கும் முன்பே விரல்கள் சரியான ஃபோல்டருக்குப் போயின. மத்தியானத்துக்குள் முதல் பிழையைத் திருத்திவிட்டேன்.

"என்னண்ணா, இதுல கை வைக்கலையா?"

"நேரம் எங்கம்மா இருக்கு?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. யார், எப்போது, எதை மாற்றினாலும் கம்ப்யூட்டரில் ஒரு வரிக் குறிப்போடு பதிவாகும். அந்தப் பதிவைத் திறந்தேன். முதல் வாரமே எல்லாவற்றையும் இடம் மாற்றியிருக்கிறார். எனக்கு இனிமேல் புதிதாக எதுவும் மனதில் நிற்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதற்கு மறுநாள், ஒன்றுவிடாமல் பழைய இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறார். "அவ வந்தா தேடக்கூடாது" என்று குறிப்பு எழுதியிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணா எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய்விட்டார்.