பதினாறா, முப்பத்திரண்டா

சுபோதினி வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் அனெக்ஸில் தனியாக இருந்தாள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்ததுபோலக் கணினியில் வரைந்து காட்டுவது அவள் தொழில். காலை வெயில் யன்னலால் வந்து தரையில் எப்படி விழும் என்பதைக்கூட வரைந்துவிடுவாள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சனம் ஃப்ளாட் வாங்க ஓமென்றது. பொருளாதார நெருக்கடி வந்து கட்டடங்கள் பாதியில் நின்றபோது, அவள் வேலை செய்த ஒபிஸும் மூடிக்கொண்டது. கொஞ்சக் காலத்தில் பழைய லப்டொப்பும் உயிரை விட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் என்ஜினியர் உமாசுதன் போன் எடுத்தார். பழைய ஒபிஸில் அவளோடு வேலை செய்தவர்.

"பதினாலு மாடி, சுபோதினி. எல்லா மாடியும் ஒரே ஃபைலா வேணும். வெளிநாட்டில இருந்து வாங்கப்போறவை கொம்பியூட்டரிலேயே உள்ளுக்குப் போய் நடந்து பாக்கிற மாதிரி."

"ஓம் சேர், செய்வன்" என்றாள். எதில் செய்வது என்று பிறகுதான் யோசித்தாள்.

பம்பலப்பிட்டியில் ஒரு கணினிக் கடையில் விற்பனைக்கு நின்ற நிலாம் இரண்டு லப்டொப்பை முன்னால் வைத்தான். ஒன்றில் மெமரி முப்பத்திரண்டு ஜிபி; கிராஃபிக்ஸ் சாதாரணம். மற்றதில் படத்தை வேகமாக வரைந்து தரும் கிராஃபிக்ஸ் காட் நல்லது, மெமரி பதினாறுதான். இரண்டும் நிறைந்ததின் விலை அவளுக்குக் கட்டாது.

"இதுக்குப் பிறகு மெமரி கூட்டலாமோ?"

"ஏலா மிஸ். மதர்போர்ட்டோட ஒட்டியே வருது. வாங்கக்குள்ள ஈக்கிறதுதான் கடைசி மட்டும். யோசிச்சு எடுங்க."

அவள் யோசித்தாள். இத்தனை வருடமும் அவளை வதைத்தது காத்திருப்பு. ஒரு படம் முடிய விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நல்ல காட் என்றால் அது நிமிடங்களில் முடியும். பெரிய ஃபைலைத் தாங்கத் தேவையான மெமரியை எப்படியாவது சமாளிக்கலாம் என்று நினைத்துப் பதினாறை எடுத்தாள்.

முதல் மாடியின் விறாந்தை கண் முன்னாலேயே துலங்கி வந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். ஐந்தாம் மாடி வரை எல்லாம் நன்றாகவே போனது. ஆறாவதைச் சேர்த்ததும் திரை உறைந்துபோனது. மரங்களை எடுத்தாள். கதிரை மேசைகளை எடுத்தாள். ஒன்பதாம் மாடி வரை இழுத்துக்கொண்டு போனாள். பிறகு ஃபைல் திறக்கவே மறுத்தது.

நிலாமுக்குப் போன் எடுத்தாள். "தம்பி, மாத்தித் தரேலாதோ?"

"பாவிச்சத முதலாளி எடுக்க மாட்டார் மிஸ்." அன்றைக்கே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபிக்கவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

மாடிகளைத் துண்டு துண்டாக அனுப்பிப் பார்த்தாள். உமாசுதன் இரண்டு நாள் கழித்துப் போன் எடுத்தார். "இப்பிடி வெட்டித் தந்தா கட்டுற கொம்பனிக்காரங்கள் எடுக்கிறாங்களில்லை. வேற ஆக்களிட்டக் குடுத்திட்டன். கோவிக்காதேங்கோ."

"பரவாயில்லை சேர்."

அதற்குப் பிறகு அவர் எடுக்கவேயில்லை. அவளும் எடுக்கவில்லை. கேம் விளையாடும் ஒருவருக்கு நிலாமே அந்த லப்டொப்பை விற்றுக் கொடுத்தான். நல்ல காட் என்றபடியால் உடனே போனது. அந்தக் காசு நிலுவை வாடகைக்குப் போனது.

இப்போது கொட்டாஞ்சேனையில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் பள்ளிக்கூட வினாத்தாள்கள் டைப் பண்ணுகிறாள். போன கிழமை ஒரு இளம் புருஷன் பெண்சாதி வீட்டுப் பிளான் ஒன்றைக் கொப்பி எடுக்க வந்தார்கள். தாளை விரித்து வைத்து, "எங்கட வீட்டு ஹோல் எப்பிடி வரும் எண்டு எங்களுக்குப் பிடிபடுதில்லை மிஸ். உங்களுக்கு இதுகள் விளங்குமோ?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லை" என்றாள் சுபோதினி. "எத்தனை கொப்பி வேணும்?"