கூரை திறக்கும் கார்

பக்கவாதம் வந்தபின் என் மனைவியால் குனிந்து காரில் ஏற முடியவில்லை. ஆட்டோவில் ஏற்றினாலும் தலை இடித்தது. அதனால்தான் கூரையை மடக்கித் திறக்கும் பழைய கார் ஒன்றை வாங்கினேன். பாகூரில் எங்கள் வீட்டு வாசலில் அதைப் பார்த்தவர்கள், எனக்கு இந்த வயதில் ஆசை வந்துவிட்டதென்று சிரித்தார்கள்.

உப்புத்தாள் வைத்துத் துருவைத் தேய்த்தேன். கிழிந்த கேன்வாஸ் கூரையைப் பிரித்து, அதையே அளவாகக் கொடுத்துப் புதிதாகத் தைத்து வாங்கிப் பொருத்தினேன். முன்சீட்டைக் கொஞ்சம் உயர்த்தி, அவள் சாயாமலிருக்க இன்னொரு பெல்ட் வைத்தேன். மூன்று மாதம் ஆனது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முதல் நாள் கூரையைத் திறந்து வைத்து, நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளை மேலாகத் தூக்கி உட்காரவைத்தோம். வில்லியனூர் கடைத்தெருவில் நெரிசலில் வண்டி நின்றுவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கோணிய வாயை அவள் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"இன்னாம்மா, வலிக்குதா?" என்று கேட்டேன்.

"மூடுங்க," என்றாள் குழறிக்கொண்டே. "வூட்டுக்குப் போலாம்."

கூரையை மூடினேன். வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். மூன்று மாதத்தில் ஒருநாள்கூட நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கப்புறம் அவள் வெளியே வரச் சம்மதிக்கவேயில்லை. காரை விற்றுவிடட்டுமா என்று போன வாரம் கேட்டேன்.

"உங்க இஷ்டம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.