வண்டியைப் பார்த்த குதிரை

குதிரை வண்டி வைத்திருப்பவர்கள் என் தவற்றைச் செய்யக்கூடாது என்றே இதை எழுதுகிறேன்.

பதினெட்டாம் பெருக்கன்று மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருக்க, கொடுமுடி ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தினேன். குதிரைக்கு நன்றாக வேர்த்திருந்தது. பாவமே என்று, வண்டியிலிருந்து அவிழ்ப்பதற்கு முன்பே பக்கமும் பின்னாலும் பார்க்கவிடாமல் அதன் கண்ணோரத்தை மறைக்கும் தோல் பட்டையைக் கழற்றினேன். மூன்று வருடமாக இழுத்த வண்டியை அது அன்றுதான் திரும்பிப் பார்த்தது. மிரண்டு ஆற்றை நோக்கிப் பாய்ந்தது.

துறையில் நின்ற ராவுத்தர் ஒருவர் பிடரியைப் பிடித்துத் தொங்கி, தன் துண்டால் அதன் கண்ணை மூடினார். சக்கரம் தண்ணீரில் இறங்கியபின்தான் குதிரை நின்றது.

“ஏனுங்க, பொறவால ஏதோ தொரத்துதுன்னு பயந்துபோட்டுதுங்க. மொதல்ல வண்டிய அவுக்கோணுங்க” என்றார்.

இப்போது குதிரையை அவிழ்த்த பிறகே பட்டையைத் தொடுகிறேன். என் மனைவி அதுவரைகூடக் காத்திருப்பதில்லை. வண்டி நின்றதுமே குழந்தையோடு இறங்கிவிடுகிறாள்.