சுவரில் அடித்த அழுக்கு

இரண்டு வாரத்துக்கு முன்னால், தியேட்டரில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று என் கணவரின் கையைப் பிடித்தேன். பாவம், மனுஷர் காதல் என்று நினைத்துவிட்டார். திரும்பி ஒரு சிரிப்பு வேறு.

“இந்த வயசுல இன்னாடி இது?”

“அய்யே, அது இல்லீங்க. அந்தச் சொவத்தப் பாருங்க!”

திரையில் வில்லனின் ஆட்கள் கஞ்சாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்னால் பச்சைச் சுவர். அதில் புகை படிந்த மாதிரி பெரிய கறுப்புக் கறை, எண்ணெய் வழிந்த மாதிரி கோடுகள். கறைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிமென்ட் அலமாரி. அதன் முனை உடைந்திருந்தது.

அந்த முனை எப்படி உடைந்தது என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு ஒட்டடை அடிக்க பீரோவை நகர்த்தியபோது இடித்துக்கொண்டது. பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தவள் எதிர்வீட்டுக் கலா. மறுபக்கம் நான்.

ஆக, எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில், என் வாசலுக்கு நேர் எதிரே, ஊரையே ஆட்டிப்படைக்கும் கஞ்சா கும்பலின் தலைமையகம் இருக்கிறது! எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் சந்தேக புத்தி பற்றி வாரா வாரம் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் எனக்குப் பெயரே சிஐடி. சினிமா விஷயத்தில் அது இன்னும் அதிகம். ‘குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்’ என்று விளம்பரம் வந்தால், யாருடைய குடும்பம் என்று கேட்பேன். முதல் காட்சி முடிந்து வெளியே வந்து மைக்கைப் பார்த்ததும் கண் கலங்குகிறவர்... உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாரா இல்லையா, யாருக்குத் தெரியும்?

போன மாதம் வீட்டில் ஒரு த்ரில்லர் பார்த்தோம். பெயர் வேண்டாம், கேஸ் போட்டால் நீங்களா வந்து நிற்பீர்கள்? எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதர் வந்தார். இவன்தான் கொலைகாரன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். நிஜமாகவே அவன்தான். அடுத்தது ஒரு பேய்ப் படம். பாழடைந்த பங்களாவை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள், வில்லங்கம் போட்டுப் பார்த்தார்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை! பேய் பிடிக்காமல் என்ன செய்யும்?

சமீபத்தில் நான் சந்தேகப்படாமல் பார்த்தது ஒரே ஒரு படம். வியாசர்பாடிப் பக்கத்து ரவுடி கதை. இருட்டுக் கூடம், அழுக்கேறிய சுவர், அலமாரி நிறைய அரிவாள்... பார்த்ததும் எனக்குக் குலை நடுங்கியது. “இது செட்டு இல்லீங்க, மெய்யாலுமே ரவுடி வூடு. இந்த மாதிரி எடத்துல மனுஷன் குடியிருப்பானா?” என்று கணவரிடம் சொன்னேன். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கலா கதைக்கு வருகிறேன். கலா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். அவள் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் ரோட்டு டிராஃபிக்கில் பாதி வாழ்க்கை போய்விடுகிறது அவருக்கு. ஒரே பெண் தீபா. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை.

போன வருஷம் அவர்கள் வீட்டில் ஷூட்டிங் என்று வந்தார்கள். “நல்ல குடும்பப் படம்மா” என்றார் வந்தவர். கலா பூரித்துப்போய், புதுசாக ரோஸ் கலர் அடித்த கூடத்தைத் திறந்துவிட்டாள். வந்தவர்கள் முதல் வேலையாக அந்த ரோஸ் கலரின் மேல் பச்சை அடித்தார்கள். அப்புறம் பச்சையின் மேல் அழுக்கு அடித்தார்கள்!

ஆமாம், அழுக்கைத்தான். ஒருத்தர் ஏணியில் ஏறி, வாளியில் எதையோ கரைத்து, பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு அடித்தார். நான் கேட்காமல் இருப்பேனா?

“ஏம்பா, சுத்தமா கீற சொவத்த எதுக்கு கலீஜ் பண்றீங்க?”

“ஏரியா லுக் வரணும்மா” என்றார்.

நான் பிறந்ததிலிருந்து இந்த ஏரியாவில் இருக்கிறேன். என் லுக்கை அவர் வாளியில் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்போதே கலாவிடம் சொன்னேன், குடும்பப் படத்துக்கு எதுக்குடி இவ்வளவு கறை என்று. அவள் கேட்கவில்லை. முடிந்ததும் பழையபடி பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொன்னவர்கள், பூசணிக்காய் உடைத்த கையோடு வேனில் ஏறிப் போனார்கள். கலா தன் கைக்காசில் மறுபடி ரோஸ் அடித்தாள். மற்ற சுவரெல்லாம் சரியாகிவிட்டது, அந்த ஒரு கறை மட்டும் உள்ளேயிருந்து பூத்துப் பூத்து வெளியே வந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிதான்... தீபாவுக்கு வரன் அமையாமல் இருந்திருந்தால்.

எம்.கே.பி. நகர்ப் பையன். பெரம்பூரில் ரயில் பெட்டி ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சொந்தக்காரர் கல்யாணத்தில் பார்த்துப் பையனுக்கும் பெண்ணுக்கும் ரொம்பவே பிடித்துப்போய், அடுத்த ஞாயிறு முதல்முறையாக வீட்டுக்கே பூ வைக்க வருவதாகப் பேச்சு. இதற்கு முன் இரண்டு வரன்கள் தெருப் பெயரைக் கேட்டே தட்டிப்போயின. “பொண்ணு தங்கம்தான், ஆனா ஏரியா...” என்று இழுத்தார்கள். பெண் பார்க்க வராமலேயே எங்களைப் பற்றி எல்லாம் தெரியும் அவர்களுக்கு. எங்கே தெரிந்துகொண்டார்கள்? தியேட்டரில்தான்.

திங்கட்கிழமை காலையில் கலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். தையல் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டாள்.

“யக்கா... இன்னாக்கா சொல்ற? நம்ம வூட்லயா?”

“நம்ம வூட்லயேதான்டி. அலமாரி முன உட்பட தெரியுது.”

“போச்சு. அந்தப் பையனோட அம்மா மல்லிகா கீதே, அது பெரிய சினிமா பைத்தியம்க்கா. எந்தப் படம் வந்தாலும் மொத வாரமே பாத்துடும்.”

“நாமளே சொல்லிடலாமே ஆன்ட்டி?” என்று என்னைக் கேட்டாள் தீபா. “நாம இன்னா தப்பு பண்ணோம்?”

“நீ கம்முனு இரு” என்றாள் கலா. “ரெண்டு எடம் பூடுச்சு. இதுவும் பூட்டா நான் இன்னா பண்றது?” சொல்லும்போதே அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தீபாவை என் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். சின்ன வயசில் அவளை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான்.

புதன்கிழமை மல்லிகாவிடமிருந்து போன். “ஞாயித்துக்கெழம வர்றோம் கலா. ஒரு விஷயம் பேசணும். போன்ல வாணாம், நேர்ல சொல்றேன்.”

இப்படி ஒரு போன் வந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் உடனே துப்பறிய ஆரம்பித்தேன். போன வாரம் வரைக்கும் ‘கலாம்மா’ என்று கூப்பிட்டவர், இப்போது வெறும் ‘கலா’. குரலில் சிரிப்பில்லை. படத்தைப் பார்த்துவிட்டார், வேண்டாம் என்பதை மரியாதையாக நேரில் வந்து சொல்லப்போகிறார்... இப்படி ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னேன். கலா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

“உன் வாய வெச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியா?” என்று என் கணவர் திட்டினார்.

சனிக்கிழமைக்குள் கலா ஒரு காரியம் செய்திருந்தாள். மெரூன் துணியில் ஜரிகை பார்டர் வைத்து, அந்தச் சுவரை மறைக்கிற அளவுக்கு ஒரு திரை தைத்து மாட்டிவிட்டாள். பார்த்தால் ஃபங்ஷன் டெக்கரேஷன் மாதிரி ஷோக்காக இருந்தது. ஆனால் மின்விசிறி சுற்றினால் ஓரம் தூக்கியது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அந்த ஓரத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். பஜ்ஜி வந்தபோதுகூட எழுந்திருக்கவில்லை. தியாகம் என்றால் இதுதான்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள், மல்லிகா மட்டும் உட்காரவில்லை. அவர் கண் கூடத்தைச் சுற்றியது. ரோஸ் சுவரைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், தூக்கிய திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்த கறுப்பைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். என்னை மாதிரியே பார்க்கிற ஒரு ஆளை நான் அதுவரை சந்தித்ததில்லை, கொஞ்சம் பயமாகவே இருந்தது.

“யக்கா, நீ கொஞ்சம் எழுந்துரு.”

“எதுக்குங்க? விசிறிக் காத்து இங்கதான் நல்லா வருது...”

“எழுந்துருக்கா.”

எழுந்தேன். மல்லிகா திரையை ஓரமாகத் தூக்கினார். கலா சமையலறை வாசலில் காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். தீபா தலையைக் குனிந்துகொண்டாள்.

மல்லிகா கறையைக் கட்டை விரலால் தேய்த்தார். விரலை மோந்து பார்த்தார்.

“இது எதப் போட்டுத் தேச்சாலும் போவாது கலா” என்றார். “நானும் சோடா உப்பு போட்டேன், பெயின்ட் அடிச்சேன். திரும்பத் திரும்ப வெளிய வந்து நிக்கிது.”

எங்களுக்குப் புரியவில்லை. மல்லிகா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அதட்டலெல்லாம் போய்விட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அத்த சொல்லத்தான் நேர்ல பேசணும்னேன். எங்க வூட்லயும் ஷூட்டிங் எட்த்தானுங்க, இதே மாதிரி வாளில அழுக்கக் கரைச்சிகினு வந்து அடிச்சானுங்க. அம்மா புள்ள பாசம், நல்ல படம்னு சொன்னானுங்க. பாத்தா, ரவுடி வூடுன்னு காட்டி வெச்சிகிறானுங்க. மாமனாரு காலத்துலேந்து புத்தர வெச்சிகினு கீற அலமாரி அது. அவர எறக்கிட்டு அங்க அருவாள அடுக்கினானுங்க. வவுறு எரிஞ்சுபோச்சு எனக்கு. இப்போ படம் அவனவன் போன்லயே வருது. நீங்க பாத்துட்டு, இந்த வூட்டுக்குப் பொண்ணு தரமாட்டோம்னு சொல்லிடுவீங்களோன்னு பேஜாரா கீது. ஒரு வாரமா சோறு எறங்கல.”

“எங்க வூட்டு படத்த நீங்க பாக்கலியா?” என்று காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள் கலா.

“உங்க வூட்டு படமா? நான் எங்க கலா பாத்தேன்? எங்க வூட்டு கூத்தப் பாத்ததுலேந்து சினிமா மேலயே வெறுத்துப்போச்சு.”

மல்லிகா போனை எடுத்து, அவர்கள் வீட்டுக் கூடத்தின் போட்டோவைக் காட்டினார். ஷூட்டிங்குக்கு முந்தி எடுத்தது. வெளிர் நீலச் சுவர், துடைத்து வைத்த அலமாரி, அதில் புத்தர், முன்னால் ஒரு டம்ளரில் மல்லிகைப்பூ. அலமாரிக்கு மேலே வளைவாக ஒரு ஜன்னல்.

அந்த ஜன்னலை எனக்குத் தெரியும். குலை நடுங்கியது என்றேனே, அதே கூடம்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். “இன்னா சிஐடி? இந்த மாதிரி எடத்துல மனுஷன் குடியிருப்பானா?” என்று என் காதில் மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காபி போட்டவனையும் பேயையும் சந்தேகப்பட்ட நான், சுவரை மட்டும் நம்பியிருக்கிறேன். அதுவும் அழுக்கு அடிக்கிற வாளியை என் கண்ணாலேயே பார்த்த பிறகு!

முதலில் சிரித்தது தீபாதான். அப்புறம் மாப்பிள்ளை சிரித்தார். கலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

“அந்தத் துணிய அவுத்துடு கலா” என்றார் மல்லிகா. “நமக்குள்ள இன்னாத்துக்கு மறைப்பு?”

திரையை நானே கழற்றினேன். அந்தக் கறைக்கு முன்னாலேயே நாற்காலி போட்டு, தீபாவை உட்கார வைத்துப் பூ வைத்தார்கள். அவ்வளவு அழகாக இருந்தாள் பெண். எல்லாரும் அந்தச் சுவரோடு நின்றே போட்டோ எடுத்துக்கொண்டோம்.

கிளம்பும்போது மல்லிகா வாசல்வரை போனவர், திரும்பி வந்தார்.

“சம்பந்தி, கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க ஆளு வருவானுங்க இல்ல?”

“ஆமா, சொல்லி வெச்சிகீறோம்.”

“கேமராவ மட்டும் எட்த்துகினு வரச் சொல்லு. வாளி எட்த்துகினு வந்தான்னா உள்ள வுடாத.”

அன்றைக்கு வாசலில் நான்தான் உட்காரப்போகிறேன்... பையைத் திறந்து பார்க்காமல் ஒருத்தரையும் விடுவதாக இல்லை.